க்ளோதில்த் சித்தியை மறித்த வேலி

அம்புஹிமேனா
ஜூலை 9, புதன்கிழமை

அன்பு மகள் சஹுந்த்ராவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் தம்பி ஹஜா சுகம், பன்றிகள் மூன்றும் எங்கள் இருவரையும்விடச் சுகம். கடவுள் கிருபையாலும் முன்னோர் துணையாலும் நீயும் நீ பார்த்துக்கொள்கிற முதியோர் இல்லத்துக் கிழவர்களும் நல்லபடியாக இருக்கவேண்டும். இங்கே காலையில் வைக்கோல் மேல் உறைபனி படிகிற குளிர். அங்கே இப்போது வெயிலாம், சந்தோஷம், உனக்கு எல்லாமே தலைகீழாகத்தான் நடக்கிறது.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் முக்கியமான விஷயத்தை எடுத்த நொடியில் உனக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது, மற்ற நேரத்தில் பக்கத்து வீட்டு வாத்து கத்துவதுகூட உனக்குக் கேட்கிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உன்னை அழைத்துவர உன் மாப்பிள்ளை துரை அங்கே வருகிறாரே, சும்மா வரவேண்டாம் என்று அவர் பையிலேயே இதை வைத்து அனுப்புகிறேன். நம் மொழியில் அவருக்கு நூறு வார்த்தை தெரியும், அதில் அறுபது சோறு சம்பந்தப்பட்டது, ஆகையால் பயமில்லாமல் எழுதுகிறேன். செய்திகளைக் கேட்டுக்கொள். காரட் இந்த வருஷம் அமோக விளைச்சல், அதனால் வாங்க ஆளில்லை. ஹஜா மாட்டுவண்டிக்குப் பழைய கார் டயர் மாட்டியிருக்கிறான், அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. உன் ரட்சிம்பா மாமா வீட்டுக்குப் புதிதாகத் தகரக் கூரை வந்திருக்கிறது, வெயில் பட்டால் நம் வாசல்வரை கண் கூசுகிறது. என் அண்ணனுக்கு ஏது கூரை என்று கேட்கிறாயா, அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

நீ இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். சம்பளம் என்ன என்று கேட்டேனா, குடிப்பாரா என்று கேட்டேனா, இல்லை. செத்தால் உன்னை எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன். நீ சிரித்தாய், “அம்மா எனக்கு முப்பத்திரெண்டு வயசுதாம்மா ஆகுது” என்றாய், உடனே சிக்னல் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கேள்வி பதிலில்லாமல் என்னிடமே இருக்கிறது. உன் அப்பா அவர் வீட்டுக் கல்லறையில் அவர் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார், அது அவர் விருப்பம். நீ என் பக்கத்தில் வரவேண்டும் என்பது என் விருப்பம். எந்த தேசத்துக்கு வேண்டுமானாலும் போ, யாருக்கு வேண்டுமானாலும் சமைத்துப் போடு, கடைசியில் நம் கல்லறைக்கு வந்துவிடு என்றுதானே ஒவ்வொரு பெற்றவளும் பிள்ளையை அனுப்புகிறாள். இதைச் சொன்னால் உங்கள் தலைமுறைக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே மேலே படி.

ஏப்ரல் கடைசியில் மார்ட்டன் துரை வந்து இறங்கினார். மகள் லீவு கிடைக்காமல் அங்கேயே இருப்பாள், மாப்பிள்ளை முன்னாலேயே வந்து மாமியார் வீட்டில் மூன்று மாதம் சாப்பிடுவார் என்ற புதுப் பழக்கத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது நீதான், பெருமைப்பட்டுக்கொள். கையில் ஒரு நோட்டு. அதில் நீ எழுதிக்கொடுத்த ஃபாடிகள், எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. நம் குடும்பத்துக்கு இத்தனை விலக்கு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்லறையைக் காட்டும்போது விரலை நீட்டக்கூடாது, மடக்கித்தான் காட்டவேண்டும். வியாழக்கிழமை மண்ணில் மண்வெட்டி படக்கூடாது. மூத்தவர் வாய் வைக்குமுன் தட்டில் கை வைக்கக்கூடாது. மனிதர் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்திருந்தார். தும்மல் வந்தால்கூட “அம்மா, இப்ப நான் தும்முனா ஃபாடியா?” என்று கேட்டுவிட்டுத்தான் தும்முவார். அடிப்பிடித்த சோற்றில் காய்ச்சிய தண்ணீரை முதல் நாளே மூன்று கிண்ணம் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து அசந்துபோனார்கள். வெள்ளைக்காரரைக் கண்டு வாஸா வாஸா என்று பின்னால் ஓடிய பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்துப் பெயர் கேட்டார். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. நானும் கொஞ்சம் தூக்கி வைத்தேன், மறைக்கவில்லை.

அப்புறம் வந்தது வீடு கட்டுகிற ஆசை. நீங்கள் இருவரும் இங்கே வந்து குடியிருக்க ஒரு வீடாம், அதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமாம். அந்த்சிரபே டவுனில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். வெளிநாட்டார் பெயரில் இந்தத் தீவில் ஒரு சாண் மண்கூட எழுத முடியாது, வேண்டுமானால் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை, இல்லையென்றால் பெண்டாட்டி பெயரில் எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்று வக்கீல் சொல்லி அனுப்பினார். கடலையே ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உருளைக்கிழங்கு போடுகிற நாட்டுக்காரர், இங்கே ஒரு சாண் கிடையாது என்றதும் இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதர் மண்ணுக்காக இவ்வளவு வாடுவாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மூன்றாம் நாள் உன் மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆறுதல் சொல்ல வந்தார். உன் மாமா ஆறுதல் சொல்ல வந்தால் நாம் பானை சட்டியை எண்ணி வைக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும், நோட்டில் எழுத மறந்துவிட்டாய்.

“சட்டமெல்லாம் டவுனுக்கு தம்பி. இது குடும்பம். எங்க பொண்ணக் கட்டினா நீ எங்க புள்ள. புள்ளைக்கு எதுக்கு வக்கீலு?” என்றார். பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்கள். சாட்சிக்கு நாலு பேர், நாலு பேரும் மாமாவோடு உட்கார்ந்து நாட்டுச் சாராயம் குடிக்கிறவர்கள், கை நடுக்கத்தில் நாலு கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தது. கிராமத் தலைவரின் வட்ட முத்திரை வேறு. எந்த இடம் தெரியுமா? கல்லறைக்குக் கீழே இருக்கிறதே யூகலிப்டஸ் சரிவு, அது. அது மாமாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, மேலே படுத்திருக்கிறவர்களுடையது. நாம் அதில் நடக்கலாம், சுள்ளி பொறுக்கலாம், அவ்வளவுதான் நமக்குப் பாத்தியதை. அதை மாமா கொடுத்துவிட்டு இரண்டு காளையும், ஒன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செவலை, வீட்டுக்கு ஒரு தகரக் கூரையும் வாங்கிக்கொண்டார். விற்றேன் என்று சொல்லவில்லை, பிள்ளை அன்பாகக் கொடுத்ததாம். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான், இதுவரை ஒரு கோழி கொடுத்ததில்லை.

இனி நடந்ததுதான் கேட்கவேண்டியது. மனிதர் நம் முற்றத்திலேயே உட்கார்ந்து மூன்று நாள் வேலிக் கம்பம் செதுக்கினார். நான் என்ன செய்தேன் என்று கேள். சோறு கொண்டுபோய் வைத்து, “இன்னும் கொஞ்சம் போடவா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ரட்சிம்பா எனக்கு மூத்தவர், மூத்தவர் செய்ததை நான் எப்படித் தப்பு என்று சொல்வது என்று ஒரு சாக்கு. வுதியுந்த்ரி என்று பெண் கேட்டு வருகிற சடங்கு முடியுமுன் மாமியார் மாப்பிள்ளையைக் குறை சொல்வது அழகா என்று இன்னொரு சாக்கு. உண்மையைச் சொல்கிறேன், வீடு எழும்பினால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்ற பேராசை. ஊர்க்காரர்களும் என்னைப்போலத்தான். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கம்பம் நேராக இருக்கிறது என்றார் ஒருவர். கம்பி நல்ல கம்பி என்றார் கிராமத் தலைவர். ரந்த்ரியா சித்தப்பா, நீ சின்ன வயதில் அவர் சைக்கிளில்தானே விழுந்து எழுந்தாய், அவரும் வந்து நின்று, பாதையைப் பார்த்து, வேலியைப் பார்த்து, “ரொம்ப உழைச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிடக் கடுமையாக நம் ஊரில் ஒருவரை எப்படித் திட்டுவது? ஆனால் துரைக்கு விளங்கவேண்டுமே. மாலையில் வந்து முகமெல்லாம் சிரிப்பாக, “அம்மா, எல்லாருக்கும் வேலி புடிச்சிருக்கு” என்றார்.

விலக்கு எதையும் அவர் மீறவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். வியாழக்கிழமையைத் தவிர்த்துப் புதன்கிழமைதான் குழி தோண்டினார். கல்லறைப் பக்கம் விரலைப் பதவிசாக மடக்கி, இங்கே ஒரு கம்பம், அங்கே ஒரு கம்பம் என்று காட்டினார். விரலை மடக்கிக் காட்டிய இடம் இறந்தவர்கள் போகிற பாதைக்கு நடு. சாவுப் பாதையை மாமனிடம் வாங்கி வேலி போடாதே என்று உன் முப்பத்தொன்றில் ஒன்று இல்லை. யாராவது அப்படிச் செய்வார்களா என்று நீ எழுதவில்லை, யாராவது அப்படிச் செய்வார்களா என்று நாங்களும் சொல்லவில்லை. வேலியில் ஒரு பலகை வேறு மாட்டியிருந்தார், உன் பெயர், அவர் பெயர், நடுவில் சிவப்புச் சாயத்தில் ஒரு இதயம். பார்க்க வெங்காயம் மாதிரி இருந்தது.

வேலி போட்ட ஒன்பதாம் நாள் க்ளோதில்த் சித்தி போய்விட்டாள். அதை ஃபோனில் சொன்னேன், நீயும் அழுதாய், நானும் அழுதேன். ஊர்வலத்தில் நடந்ததைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ரந்த்ரியா சித்தப்பா பாவம், முப்பத்தெட்டு வருஷம் சேர்ந்து இருந்தவள், அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். உன் மாமாவோ எல்லோருக்கும் முன்னால் ஒரு காளையை ஓட்டிக்கொண்டு வந்தார், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செவலைதான், என் தங்கச்சி முறைக்கு நான் செய்யாமல் யார் செய்வது என்று ஒரு பேச்சுப் பேசி அதைச் சாப்பாட்டுக்குக் கொடுத்தார். கைதட்டாத குறை. ஊரே தின்றது. நானும் தின்றேன், கறி பதமாகத்தான் இருந்தது.

பாடை தூக்க ஆறு பேர். தானும் தூக்குகிறேன் என்று மார்ட்டன் துரை முன்னால் வந்து நின்றார், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நம் ஊரில்தான் யாரும் எதற்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்களே. அவர் உயரத்துக்குப் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சித்தி உயிரோடு இருந்தபோதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாள், அதனால் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மேளமும் குழலும் முன்னால் போக, சரிவில் ஏறி வேலிக்கு முன்னால் போய் எல்லோரும் நின்றோம். மேளம் நின்றது. ஒருவர் வாய் திறக்கவேண்டுமே. இடது பக்கம் அடுத்த வீட்டு நெல் வயல், வலது பக்கம் பள்ளம், பின்னால் திரும்பவும் முடியாது, தூக்கியவரைத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கம் நமக்கு எந்தக் காலத்தில் இருந்தது? கால் மணி நேரம் எல்லோரும் மரியாதையாக நின்றோம். அப்புறம் துரைதான் பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த ஹஜாவிடம் கேட்டார், “ஏன் நின்னுட்டோம்?” ஹஜா, “வேலி இருக்கு அத்தான்” என்றான். “யாரு இங்க வேலி போட்டது?” என்று கேட்டார் பார். ஹஜாவுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. “நீங்கதான் அத்தான்” என்றான்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டாம், பார்க்காதது நல்லது. பாடைக் கம்பை இன்னொருவர் தோளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்க் கம்பத்தைப் பிடித்து இழுத்தார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர் அல்லவா, இரண்டு முழ ஆழத்தில் கல் போட்டு இடித்து நட்டது, லேசில் வருமா. குறடு இல்லை, கடப்பாரை இல்லை. முள்கம்பி உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் முழங்கைவரை வழிந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. வன்மத்தில் இல்லை மகளே, நட்டவர்தான் பிடுங்கவேண்டும், வேறு யார் கை வைத்தாலும் அது சண்டை என்று ஆகிவிடும். அதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே யாரையும் கூப்பிடவில்லை. நாலு கம்பம் பிடுங்கினார். பலகை வெங்காயத்தோடு குப்புற விழுந்தது. உன் மாமா அத்தனை நேரமும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மழையே இல்லாத ஜூன் மாதத்தில். பாதை திறந்ததும் துரை விலகிப்போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார், இனி தனக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்திருப்பார். அப்போதுதான் காலையிலிருந்து பேசாதிருந்த ரந்த்ரியா சித்தப்பா பேசினார். “எங்க போற? உன் தோள் இல்லாம அவ நேரா நடக்கிறா பாரு, எனக்கு அடையாளமே தெரியல. வா, வந்து தூக்கு” என்றார். ரத்தக் கையோடு வந்து தூக்கினார். சித்தி பழையபடி சாய்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார வைத்து உப்புத் தண்ணீரில் கையைக் கழுவிக் கட்டுப் போட்டேன். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், உனக்குத் தெரியாதா என் வாயை. அதற்குள் அவர் ஹஜாவை நடுவில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டார். “இந்தக் கல்லறை உங்களுக்கு எத்தன வருஷத்துக்கு?” எனக்குப் புரியவில்லை. எத்தனை வருஷத்துக்கா? அது நம்முடையது, வருஷம் என்ன வருஷம், இதென்ன சைக்கிள் வாடகையா என்று கேட்டேன். அப்புறம் ஹஜா கேட்டுக் கேட்டுச் சொன்னான். அவர்கள் ஊரில் செத்தவர்களுக்குக் குழியை இருபது வருஷத்துக்கு வாடகைக்குத்தான் கொடுத்தார்களாம். கெடு முடிந்தால் கடிதம் வருமாம், மறுபடி கட்டவேண்டுமாம். இவர் அப்பா இவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போய்விட்டார். அம்மா வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் இவர் பூ வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வேறு ஒருவர் பெயர். எலும்பை எல்லாம் எடுத்து யார் யாரோடோ சேர்த்து எங்கேயோ போட்டுவிட்டார்களாம். பூவை என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தாராம். அதனால்தான் எவனும் கிளப்ப முடியாத ஒரு துண்டு மண்ணாவது தனக்கு வேண்டும் என்று தோன்றியதாம்.

சஹுந்த்ரா, அடுக்கி வைத்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன். நம்பாவிட்டால் ஹஜாவைக் கேட்டுக்கொள். உயிரோடு இருக்கிற வெளிநாட்டானுக்கு நாம் தொண்ணூற்றொன்பது வருஷம் கொடுக்கிறோம், அவர்கள் செத்துப்போன சொந்த மனிதனுக்கு இருபதுதான் கொடுக்கிறார்கள். என் மகளையும் அப்படி ஒரு இடத்தில் வாடகைக்கு வைத்து, நான் போன பிறகு கடிதம் விலாசம் மாறிப்போய், யார் யாரோடோ போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அதே நேரத்தில் பூவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை நினைத்தும் அழுகை வந்தது. எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு இன்னொரு தட்டு சோறு போட்டேன். பார், அவர் என்று எழுத இனிமேல் கை வரவில்லை.

வேலி பிடுங்கியதோடு விஷயம் முடியவில்லை. மறு சனிக்கிழமை ரந்த்ரியா சித்தப்பா வீட்டில் குடும்பம் கூடியது, இந்தச் சம்பந்தம் வேண்டுமா, வுதியுந்த்ரிக்கு அவன் கொண்டுவருகிற ஆட்டுப் பின்தொடையை வாங்குவதா திருப்பி அனுப்புவதா என்று பேச. உனக்கு இதை அன்றைக்கே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சிக்னலோடு சேர்ந்து நீயும் போயிருப்பாய். உன் மாமா முதலில் எழுந்தார். முன்னோர் சொன்ன பழமொழிகள் இருந்தவரைக்கும் எல்லாவற்றையும் அன்றைக்கே செலவழித்தார், உன் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மணி நேரம் பேசி, தான் விற்கவே இல்லை, வீட்டுப் பிள்ளைக்கு இடம் காட்டினேன், அவ்வளவுதான் என்று முடித்தார். அப்புறம் மார்ட்டன் எழுந்து நின்றான். ஹஜா நாலு நாளாக மாட்டுவண்டியில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், எனக்குத் தெரியாது. நம்மவர்கள் பேச எழுந்தால் முதலில் ஒரு பாட்டம் மன்னிப்புக் கேட்பார்களே, மூத்தவர் இருக்கப் பேசுகிறேன் மன்னியுங்கள், வார்த்தை தவறினால் மன்னியுங்கள் என்று, அந்தப் பாட்டத்தை ஆரம்பித்தான். பாதி வார்த்தை முறிந்தது, பாதி மாறிப் போனது. அவன் முடிக்கவே இல்லை. வேலிக்கு மன்னிப்பு, பலகைக்கு மன்னிப்பு, சித்தியைக் கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்ததற்கு மன்னிப்பு, கேட்காமல் வாங்கியதற்கு மன்னிப்பு. அதற்கு மேல் பேச்சு ஒன்றும் இல்லை, உட்கார்ந்துவிட்டான். நானும் அறுபது வருஷமாக அந்த மன்னிப்புப் பாட்டத்தைக் கேட்கிறேன், அதற்குள் ஒரு விஷயம் இருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

ரந்த்ரியா சித்தப்பா ஒன்று கேட்டார், நான் உன்னிடம் கேட்டேனே, அதே கேள்வி. “நீ செத்தா எங்க வப்பாங்க?” என்றார். பார்த்தாயா, நம் பக்கம் மனிதர்களுக்குக் கேள்வி ஒன்றுதான். மார்ட்டன் சிரிக்கவில்லை, சிக்னலும் போகவில்லை. “சஹுந்த்ரா எங்கயோ அங்க. அவ இங்கதான் வருவா. எடம் இருந்தா எனக்கும்” என்றான். எனக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீ சொல்லவில்லை, அவன் சொன்னான். சித்தப்பா சபையைப் பார்த்து, “என் பொண்டாட்டி சாவுக்கு எல்லாரும் செவலைக் காளையைத் தின்னீங்களே, அது யாரு மாடு?” என்றார். எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது, பாதைக்கு விலையாகப் போன மாட்டைத்தான் பாதையில் போனவளுக்காகத் தின்றிருக்கிறோம். “அவன் மாட்டத் தின்னாச்சு, அவன் தோளுல அவ போயாச்சு. இப்ப போயி அவன் யாரோன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆட்டை வாங்குங்க” என்றார். அதோடு முடிந்தது. நோட்டுத் தாளைக் கிராமத் தலைவரே வாங்கிக் கிழித்தார், அவர் முத்திரை எவ்வளவு அழகாகக் கிழிந்தது தெரியுமா. மிச்சமிருக்கிற கறுப்புக் காளை உன் கல்யாணச் சாப்பாட்டுக்கு. கூரையைக் கழற்றவேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அண்ணி குளிரில் என்ன செய்வாள். உன் மாமாவுக்குத் தண்டனை ஒன்றே ஒன்று, ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் தேதி உன் சடங்கில் அவர் பேசக்கூடாது. கூரையைக் கழற்றியிருந்தால்கூட மனிதர் இவ்வளவு வருந்தியிருக்கமாட்டார்.

வீட்டுக்கு இடம் ஓடைப் பக்கம் என் துண்டில் கொடுக்கிறேன், நில அலுவலகத்தில் உன் பெயருக்குச் சான்று எழுத மனு கொடுத்தாயிற்று. அவனுக்கு நீ தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை எழுதிக்கொடு, முடிந்த மறுநாளே காலி செய்யச் சொல்லிக் கண்டிப்பாக இரு. வரும்போது நீ சாக்லேட் கொண்டுவராதே, சந்தையில் அதே சாக்லேட் இங்கே இருக்கிறது. சித்தப்பாவுக்குக் கம்பளிச் சட்டை கொண்டுவா. வந்து இறங்கியதும் முதலில் சித்தியைப் பார்க்க மேலே போ, பாதை திறந்திருக்கிறது. மார்ட்டன் கையில் தழும்பு இருக்கும், என்ன ஆயிற்று என்று கேட்டால் தச்சு வேலை என்று பொய் சொல்வான், கேட்டுக்கொண்டு பேசாமல் இரு. அவனைத் திட்டாதே. திட்டு வாங்கவேண்டியது நீ, நான், இந்த ஊர். எல்லோரும் சேர்ந்து முப்பத்தொரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து முப்பத்திரண்டாவதை விட்டுவிட்டோம்.

கடைசியாக முக்கியமான வேலை ஒன்று, மறந்துவிடாதே. அவன் அப்பாவின் முழுப் பெயரையும், பிறந்த வருஷம் போன வருஷத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வா. பேச்சுவாக்கில் கேள், எதற்கு என்று சொல்லாதே. ஊரைவிட்டுப் போய் உடம்பு திரும்பி வராதவர்களுக்கு நாம் கல் நிறுத்துவோமே, சித்தப்பாவும் நானும் ஆற்றங்கரையில் ஒரு கல் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டோம், நல்ல உயரமான கல், மார்ட்டன் உயரம் இருக்கும். எங்கே நிறுத்துவது என்று சித்தப்பா யோசித்தார். நான் சொன்னேன், பாதை ஓரத்தில் வேலியின் கடைசிக் குழி மூடாமல் கிடக்கிறது, அவன் கையால் தோண்டியது, இரண்டு முழம் ஆழம், நேராக இருக்கிறது என்று ஊரே சொல்லியிருக்கிறது. அங்கே நிற்கட்டும். யாரும் கடிதம் போடமாட்டார்கள். இந்தக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு உனக்கு அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று அவன் வாசலில் நின்று கேட்கிறான், காரட் விலை எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். தன் அப்பாவைத்தான் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அவனுக்குத் தெரியாது.

மேலே இருக்கிறவர்களும் நம் கல்லறையில் இருக்கிறவர்களும் உங்கள் இருவரையும் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். விமானத்தில் சாப்பிடு, வெறும் வயிற்றில் வராதே. நீங்கள் வருகிறவரை வாசல் பார்த்துக்கொண்டிருக்கும்,

உன் அம்மா
வுலுலுனா